மல்லுக்களமும் இசைமேடையும்: காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடியபோது, ஆண்டு விழாவில் சிறுவர் சிறுமியர்க்கு என்னென்ன போட்டிகள் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் மனம் நொந்து ஒரு செய்தி சொன்னார். நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மூன்றே பொருள்களில்தான் நாட்டமாம்: சினிமாப் பாட்டு, தொலைக்காட்சியில் காட்டும் குஸ்தி, ஐஸ்கிரீம். இம்மூன்றையும் வைத்துக்கொண்டு எந்தக் கலையை வளர்ப்பது, எந்தத் தமிழை வளர்ப்பது என்று அவர் கேட்டார். கூடியிருந்தோர் நகைத்தனர். எனக்கு மட்டும் நகைப்பு வரவில்லை. அவர் அடுக்கிய இலட்சணங்கள் மூன்றும் என் இளைய மகனுக்கு அப்படியே பொருந்துவன. வாய்ப்பாட்டு வகுப்புக்கென்று நான் கட்டிய பணத்தை அவன் மதியாமல், அந்த நேரத்தில் தேகப் பயிற்சிச் சாலைக்குச் சென்று எடை தூக்கிக்கொண்டிருந்ததை அறிந்து, அவனைக் கடுமொழி கூறிக் கடிந்ததும் உண்டு. உருப்படாத பிள்ளை என்றே சொல்லிவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வராதபோது என் நினைவுக்கு வந்தவர் காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை. இருபது வயது வரையில் அவரைப் பற்றியும் ஊரார் ஏறத்தாழ இதே கருத்தைத்தான் கொண்டிருந்தனர். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, வேறு பொருளைத் தேடாமல் அப்பெரியாருடைய வாழ்க்கையையே எழுதத் துணிந்தேன். நான் சங்கீதம் கற்றவன் அல்லன். இருப்புப் பாதை அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். கேள்வி ஞானம் ஒன்றே எனக்குத் துணை. குறையிருப்பின் இசையறிந்த அன்பர்கள் பொறுத்தருள்க.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு நாயனாப் பிள்ளை அயலார் அல்லர். அவர் வாழ்ந்த காலத்தில் இந்நிலப்பகுதி முழுவதும் சென்னை இராஜதானியைச் சேர்ந்திருந்தது. 1911-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராகவே விளங்கிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது எல்லை நடுவே வந்தது. 2022-இல் திருப்பதியும் சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆயினும் காஞ்சிக்கும் இவ்வூர்களுக்கும் இடையே பாட்டும் பக்தியும் வந்துபோன வழி ஒருநாளும் அடைபட்டதில்லை. நாயனாப் பிள்ளையின் தலைமாணாக்கர் நம் ஊரின் பெயரையே தம் பெயரோடு தாங்கி நாடெங்கும் புகழ் பரப்பினார். அதனைப் பின்னே சொல்வேன்.

நாயனாப் பிள்ளை 1889-ஆம் ஆண்டு காஞ்சீபுரத்திலே பிறந்தார். இயற்பெயர் சுப்பிரமணியம், நாயனா என்பது வீட்டார் செல்லமாக அழைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது. அன்னையார் காமாட்சி அம்மாள். அன்னையாரின் உடன்பிறந்தவர் தனகோடி அம்மாள். காஞ்சீபுரம் தனகோடி சகோதரிகள் என்றால் அக்காலத்தில் அறியாத இரசிகர் இல்லை. பெண்கள் மேடையேறிப் பாடுவது ஒரு மரபினர்க்கே உரியதாயிருந்த காலம் அது. அம்மரபிலே பிறந்த மாதர்கள் சமூகத்தின் ஏச்சையும் பேச்சையும் தாங்கிக்கொண்டு, நம் நாட்டின் மிக உயர்ந்த கீர்த்தனைகளைச் சிதையாமல் காத்துத் தந்தார்கள். அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை என்பது என் எண்ணம்.

இத்தகைய வீட்டில், விடிந்தால் தம்புராச் சுருதியும் பொழுது சாய்ந்தால் கீர்த்தனையும் ஒலிக்கும் சூழலில் பிறந்த பிள்ளை, பாட்டின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்குப் பிடித்தவை இரண்டு: ஒன்று மற்போர்; மற்றொன்று காற்றாடி விடுதல். தேகப் பயிற்சியிலே உடலை முறுக்கேற்றிக்கொண்டு திரிந்தார். இசைக்குடும்பத்தில் பிறந்து இப்படியாகிவிட்டானே என்று வீட்டார் வருந்தியிருப்பர் என்பதை, ஒரு தகப்பன் என்ற முறையில் என்னால் ஊகிக்க முடிகிறது.

ஆனால் மற்போரைக் காஞ்சிக்கு அந்நியமான கலை என்று எவரும் சொல்லிவிட முடியாது. அந்நகரை ஆண்ட பல்லவப் பேரரசன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன், அதாவது பெருமல்லன், என்பதே விருதுப் பெயர். கடற்கரை மாமல்லபுரமும் அப்பெயரால் வழங்குவது. மேலும், நாயனாப் பிள்ளை இளைஞராயிருந்த காலம், பாரத நாட்டு மல்லர்கள் உலக மேடையில் தலைநிமிர்ந்த காலமாகும். 1910-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இலண்டன் மாநகரில் காமா என்ற பஞ்சாபி வீரர், போலந்து நாட்டுப் பெருமல்லரான ஸ்பிஸ்கோவை எதிர்த்து நின்றார். காமாவைவிட உருவத்தில் பெரியவரான ஸ்பிஸ்கோ, தோல்விக்கு அஞ்சி இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகத் தரையோடு ஒட்டிப் படுத்துத் தற்காத்துக்கொண்டார். வெற்றி தோல்வி இன்றி அப்போர் முடிந்தது. மறுபடியும் பொருதக் குறித்த நாளில் அவர் களத்துக்கே வரவில்லை. 1928-இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடம் முடிவதற்குள் காமா அவரை வீழ்த்திவிட்டார். நம் ஆந்திர நாட்டிலோ, கோடி இராமமூர்த்தி நாயுடு இரும்புச் சங்கிலியை மார்பில் பிணைத்து மூச்சை நிரப்பியே அதனை அறுப்பார். யானையை மார்பின் மீது ஏற்றிக்கொள்வார். அடிமைப்பட்டிருந்த நாட்டின் வாலிபர்கள் இவற்றையெல்லாம் கேட்டுத் தோள் தட்டி எழுந்தனர். கோதாவின் மண்ணில் உடம்பு தோய்ந்த வாலிபரை ஊதாரி என்று ஒதுக்குவது சரியன்று.

கோதா என்பது வெறும் மண்குழி அன்று. கல்லும் முள்ளும் பொறுக்கிச் சலித்த மண்ணிலே எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்துவார்கள். விடியற்காலையில் தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டும். கர்லாக் கட்டையைச் சுழற்ற வேண்டும். பாலும் நெய்யும் பாதாம் பருப்பும் உணவு. ஒருநாள் தவறினால் மறுநாள் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். எதிரி எவ்வளவு வலியவனாயினும், காலடி பிசகாமல் நிற்பவனே வெல்வான். இவையனைத்தும், பெயரை மட்டும் மாற்றிவிட்டால், சங்கீத சாதகத்துக்குப் பொருந்தாவோ? நாயனாப் பிள்ளையின் பிற்கால வாழ்வே இதற்கு விடை.

மல்லர் பாடகராய் மாறியது எங்ஙனம் என்பது பற்றிச் செவிவழியாக ஒரு வரலாறு வழங்கி வருகிறது. துறவி ஒருவர் அவரைப் பாடும்படி கேட்டாராம். பாடத் தெரியாது என்று பிள்ளை தலைகுனிந்தபோது, இத்தகைய குடும்பத்தில் பிறந்தும் இவ்வாறிருக்கலாமா என்று அத்துறவி இடித்துரைத்தாராம். அச்சொல் நெஞ்சில் தைத்து, அன்று முதல் அவர் இசையிலே புகுந்தார் என்பர். நடந்தது இதுதானோ, இதிலே கற்பனை எத்துணை கலந்ததோ, நான் அறுதியிட்டுச் சொல்லத் துணியேன். நெஞ்சில் தைத்த ஒரு சொல் பலருடைய வாழ்வைத் திருப்பியிருக்கிறது. ஆனால் என்னைப் போன்றோர் வீட்டில் சொல்லும் கடுஞ்சொல் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

வயது கடந்து தொடங்கியவர்க்கு முறையான குருகுலவாசம் வாய்க்கவில்லை. சிற்றன்னையாரின் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணினார். ஜலதரங்கம் இரமணய்யச் செட்டியாரிடமிருந்து தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகள் பலவற்றைக் கற்றார். லயத்துறையில் வல்லவர்களை நாடிச் சென்று பழகினார். மற்றதெல்லாம் சாதகம். கோதாவிலே பழகிய உடம்பன்றோ! மணிக்கணக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு தளராமல், தாளம் பிசகாமல் பாடுவதற்கு அப்பழக்கம் அவருக்குப் பெருந்துணையாயிருந்தது என்றே நான் நம்புகிறேன். சில ஆண்டுகளில் தென்னாட்டின் முன்னணி வித்வான்களில் ஒருவராக அவர் உயர்ந்தார்.

இனி, அவர் புகழுக்கும் அவர்மீது எழுந்த குறைக்கும் ஒருங்கே காரணமான பொருளுக்கு வருகிறேன். நாயனாப் பிள்ளையின் கச்சேரியை முழு பெஞ்சு கச்சேரி என்பார்கள். நீதிமன்றத்தில் நீதிபதிகள் பலர் ஒருங்கு அமர்வதைக் குறிக்கும் சொல் அது. இரசிகர்கள் அதனை மேடைக்கு ஏற்றிவிட்டனர். பாடகர் ஒருவர், பிடில் ஒன்று, மிருதங்கம் ஒன்று என்பது இன்று நாம் காணும் சாதாரண வழக்கம். அவர் மேடையிலோ பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சங்கு, கொன்னக்கோல் என்று ஒரு படையே திரண்டிருக்கும். அவர்களும் எளியவர்களா? மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பிடில். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிரா. மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளையின் கொன்னக்கோல். பக்கிரியாப் பிள்ளை முன்னே தவில் வாசித்தவர். பின்னர் தவிலின் சொற்கட்டுகளை வாயாலேயே சொல்லும் கலையில் இணையற்றவரானார். இத்தகைய சிங்கங்களை இருபுறமும் அமர்த்திக்கொண்டு நடுவே ஒருவர் பாடுவதென்றால், அது பாட்டுக் கச்சேரி மட்டுமன்று, மல்லுக்களமுமாகும்.

அக்களத்தின் நுட்பத்தை, தாளம் அறியாத நம் தாய்மார்களும் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளும்படி என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். வெவ்வேறு வேகமுள்ள இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டு, வேறு வேறு தண்டவாளங்களில் ஓடி, ஒரே நொடியில் ஒரு நிலையத்தை அடைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளத்தில் நிகழ்வது அதுவே. மூன்று மூன்றாக எண்ணி வருபவரும் நான்கு நான்காக எண்ணி வருபவரும் 12-ஆம் எண்ணிக்கையில் சந்திப்பர். ஐந்தாக வருபவரும் ஏழாக வருபவரும் 35-இல்தான் கைகோக்க முடியும். ஏழு தாளங்கள் ஐந்து ஜாதிகளால் 35 ஆகின்றன. அவை ஐந்து கதிகளால் 175 ஆகப் பெருகுகின்றன. பல்லவி என்பது ஒரே ஓர் அடி. அவ்வடியைத் தாளம் மாறாமல் வைத்துக்கொண்டு, ஒரு மடங்கிலும் இரு மடங்கிலும் நான்கு மடங்கிலும் பாடிக் காட்டி, சுரங்களை அள்ளி வீசி, எடுத்த இடத்திலேயே மயிரிழையும் பிசகாமல் வந்து நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகக் கணக்குகளை வீசிக்கொண்டேயிருப்பர். பாடகர் ஓர் இமைப்பொழுது தடுமாறினாலும் தீர்ந்தது. மல்லாந்து விழுந்த மல்லன் கதைதான். நாயனாப் பிள்ளை விழுந்ததில்லை. அவருடைய லயத்தை வென்றவர் இல்லை என்பதே அக்கால இரசிகர்களின் முடிவு.

இதையே குற்றமாகச் சொன்னவர்களும் இருந்தனர். சங்கீதம் என்பது கணக்குப் போடுவதா, மனத்தை உருக்குவதா என்று அவர்கள் கேட்டனர். தாள வாத்தியங்களின் பேரொலியிலே இராகத்தின் சாயல் மங்கிவிடும் என்றனர். இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். கஞ்சிராவும் கடமும் கொன்னக்கோலும் ஒருங்கே முழங்கும்போது நெஞ்சு படபடக்கிறதே ஒழிய உருகுவதில்லை என்பதை நானும் சில கச்சேரிகளில் உணர்ந்திருக்கிறேன். அவருடைய வழியைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, வலிமையை மட்டும் எடுத்துக்கொண்டு நயத்தை விட்டவர்களும் உண்டு.

ஆனால் நாயனாப் பிள்ளையிடம் இருந்தது முரட்டு வலிமை மட்டுமன்று என்பதற்கு எவரும் மறுக்கமுடியாத சான்று ஒன்று இருக்கிறது. சென்னையில் வீணை தனம்மாள் என்ற மாதரசி வாழ்ந்தார். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். மென்மைக்கும் நுட்பத்துக்கும் அவருடைய வீணையே உரைகல். வெள்ளிக்கிழமைதோறும் அவர் இல்லத்தில் நிகழும் வாசிப்பைக் கேட்கப் பெரும் பெரும் வித்வான்கள் மூச்சடக்கி அமர்ந்திருப்பர். உரத்த ஓசை எதுவும் அவருக்குப் பிடிக்காது என்பார்கள். அத்தகைய தனம்மாளின் வீட்டுப் பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும், இசை கற்க வந்த இடம் நாயனாப் பிள்ளையின் இல்லம். பிருந்தா காஞ்சியிலேயே தங்கிக் கற்றார். மலரினும் மெல்லிய இசைக்குடும்பம் ஒன்று தன் குலக்கொழுந்துகளை ஒரு மல்லரிடம் ஒப்படைத்தது என்றால், அம்மல்லரின் கீர்த்தனைப் பாடம் எத்துணைத் தூய்மையானதாய் இருந்திருக்க வேண்டும்! மேடையில் போர் புரிந்த அவர், பாடம் சொல்லும்போது ஒரு கமகமும் கெடாமல் காத்தவர் என்பது இதனால் விளங்கும்.

காஞ்சியை அடுத்த தாமலைச் சேர்ந்த பட்டம்மாள் என்ற சிறுமி, நாயனாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். அவளே பின்னாளில் உலகம் போற்றிய டி. கே. பட்டம்மாள். பெண்கள் இராகம் தானம் பல்லவி பாடலாகாது என்றிருந்த தளையை அறுத்துப் பாடிக் காட்டியவர். நாயனாப் பிள்ளையைத் தம் மானசீகக் குருவாகவே அவர் கருதினார். கோதாவில் தோன்றிய துணிவு ஒரு பெண்மணியின் பல்லவியிலே போய் நின்றது என்று நான் நினைப்பதுண்டு.

நாயனாப் பிள்ளைக்குப் பிடித்த பாட்டுகள் யாவை? தியாகராஜ சுவாமிகளின் கிருதிகள் அவர் உயிர். சுவாமிகளின் ஆராதனையைக் காஞ்சியில் ஆண்டுதோறும் தம் பொறுப்பிலேயே உற்சவமாக நடத்தினார். வித்வான்கள் பலர் அங்கே கூடிப் பாடினர். தியாகராஜ சுவாமிகள் தம் முதுமையிலே காஞ்சிக்கும் நம் திருப்பதிக்கும் யாத்திரையாக வந்தவர். திருமலையில் சந்நிதியின் திரை மூடியிருக்கக் கண்டு, அத்திரையை விலக்கியருள வேண்டிக் கௌளிபந்து இராகத்தில் அவர் பாடிய கிருதியை நம்மில் பலர் அறிவோம். அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வாழ்ந்த ஊரும் நம் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததே.

அவ்வளவுக்குத் தெலுங்குக் கீர்த்தனையில் தோய்ந்தவர், அதே மேடையில் தேவாரமும் திருப்புகழும் பாடினார் என்பதுதான் நாம் கருத வேண்டிய செய்தி. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943-இல் தோன்றிற்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, எவருடைய தூண்டுதலும் இன்றி, திருப்புகழைக் கச்சேரியின் நடுவே நிமிர்ந்து நிற்கச் செய்தவர் நாயனாப் பிள்ளை. அருணகிரிநாதரின் சந்தங்கள் அவரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு நடை. அந்நடைக்கு ஏற்ப ஒரு தாளம். நாவு சற்றே தடுக்கினாலும் சந்தம் சிதறிவிடும். மல்லருக்கு ஏற்ற பாட்டு அன்றோ! அருணகிரியார் திருத்தணிகையை மட்டுமன்றி, நம் திருவேங்கடத்தையும் திருக்காளத்தியையும் பாடியிருக்கிறார். பள்ளியில் தெலுங்கு படிக்கும் நம் குழந்தைகள், தமிழ் வீட்டுமொழி, தெலுங்கு ஊர்மொழி என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கவேண்டியதில்லை. காஞ்சி மல்லரின் ஒரே கச்சேரியில் இரண்டுக்கும் ஆசனம் இருந்தது.

அவருடைய தலைமாணாக்கருக்கு வருகிறேன். சித்தூர் மாவட்டத்துப் புங்கனூரில் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. தந்தையார் ஹரிகதை நிகழ்த்தியவர். இளமையிலே காஞ்சிக்குச் சென்று நாயனாப் பிள்ளையிடம் குருகுலவாசம் செய்து, குருவின் பின்னே அமர்ந்து பாடிப் பாடித் தேர்ந்தார். குருவுக்கும் சீடருக்கும் இயற்பெயர் ஒன்றே என்பது ஒரு விந்தை. குருவுக்கு வீட்டுப் பெயர் நிலைத்தது. சீடருக்கு நம் ஊர்ப் பெயர் நிலைத்தது. முழு பெஞ்சின் லய வல்லமையைக் குருவுக்குப் பின் மேடையில் நிலைநிறுத்தியவர் இவரே. 1954-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் இவரை வந்தடைந்தது. பட்டம்மாளுக்கு 1970-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும் அதே பட்டம் கிடைத்தது. குருவானவர் அப்பட்டத்தை அறியார். அவர் மறைந்த பின்னரே அது தோன்றியது.

சுப்பிரமணிய பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் நம் திருப்பதியில் தேவஸ்தானத்தார் நடத்தும் ஸ்ரீ வேங்கடேசுவரா இசைக் கல்லூரியிலும் ஆசிரியப் பணி புரிந்தார். ஆகவே, காஞ்சியின் கோதாவிலே தொடங்கிய ஒரு பாட்டு வழி, திருமலையின் அடிவாரத்துக்கே வந்து பாடமாயிற்று. 1975-இல் அவர் காலமானார். சித்தூர் என்ற பெயரைத் தாங்கி இசையால் புகழ்பெற்ற மற்றொருவர் நடிகர் நாகையா என்பதையும், 1946-இல் அவர் தியாகராஜராகவே திரையில் தோன்றினார் என்பதையும் இங்கே நினைவூட்டுவது தகும். ஊர்ப் பெயருக்கும் தியாகராஜருக்கும் அப்படி ஓர் உறவு.

சித்தூராரிடம் பல ஆண்டுகள் பயின்றவர் மதுரை சோமு. இவரும் இளமையில் தேகப் பயிற்சியில் பெரும்பற்று உடையவராயிருந்தார் என்பார்கள். மேடையில் பக்கவாத்தியப் படையோடு அமர்ந்து, கேட்பவரைக் கண்ணீர் சிந்தவைத்தவர். 1972-இல் வந்த தெய்வம் என்ற படத்தில் மருதமலை முருகனை அவர் பாடிய பாட்டை, சினிமாப் பாட்டு மட்டுமே அறிந்த நம் பிள்ளைகளும் கேட்டிருப்பர். செயற்குழுவில் குறைப்பட்ட மூத்தவர்க்கு நான் இதைத்தான் சொல்ல விரும்பினேன். அந்தச் சினிமாப் பாட்டிலிருந்து பின்னோக்கி நடந்தால், சோமு, சித்தூரார், நாயனாப் பிள்ளை என்று மூன்றே அடியில் காஞ்சியின் மல்லுக்களத்தைத் தொட்டுவிடலாம்.

நாயனாப் பிள்ளையின் குரலை நாம் இன்று கேட்க வழியில்லை. சிற்றன்னையார் தனகோடி அம்மாள் கிராமபோன் தட்டுகளில் பாடியிருக்கிறார். சீடர் சித்தூரார் பாடிய மதுரா நகரிலோ என்னும் தட்டு வீடுதோறும் ஒலித்தது. இடையே நின்ற அவர் பாட்டு மட்டும் எந்தத் தட்டிலும் இல்லை. நான்கு மணி நேரம் பொருதும் மல்லரை மூன்று நிமிடத் தட்டில் அடைப்பது எங்ஙனம் என்று நான் சமாதானம் செய்துகொள்வதுண்டு. ஆயினும் அது சமாதானமே, இழப்பு இழப்புத்தான். 1934-ஆம் ஆண்டு, நோயுற்று, நாற்பத்தைந்து வயதளவிலேயே அவர் இவ்வுலகை நீத்தார். யானை பலம் கொண்ட உடம்பு அதற்குமேல் தாங்கவில்லை. பட்டம்மாள் அப்போது பதினைந்து வயதுப் பெண். சோமுவும் அதே வயதுச் சிறுவர்.

காஞ்சிக்குச் செல்ல விரும்புவோர் திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகவும், சித்தூரிலிருந்து காட்பாடி, அரக்கோணம் வழியாகவும் செல்லலாம். சித்தூர் வழியாகக் காட்பாடிக்குச் சென்ற பழைய மீட்டர் பாதை அகலப்பாதையாகிவிட்டமையால், காட்பாடியில் பாதை மாறும் தொல்லையும் இப்போது இல்லை.

எஞ்சியிருப்பது மூன்றாவது பொருளாகிய ஐஸ்கிரீம். குளிர்ந்த பண்டம் தொண்டைக்குப் பகை என்று பாடகர்கள் விலக்குவது நெடுங்கால வழக்கம். ஐஸ்கிரீம் தின்ற வாயோடு மேடையேற எந்த வித்வானும் இசையார். மல்லரோ பாலையும் பாதாமையும் காய்ச்சித்தான் குடிப்பார், உறைய வைத்து உண்ணமாட்டார். ஆகவே இப்பொருளில் மூத்த உறுப்பினரோடு நான் ஓரளவு உடன்படுகிறேன். விழா நாளன்று சிறுவர் சிறுமியர் திருவேங்கடத் திருப்புகழைச் சேர்ந்திசையாகப் பாடி முடித்த பின்னரே ஐஸ்கிரீம் வழங்கப்பெறும் என்றும், அதற்கு முன் கேட்பவர்க்குக் கிடையாது என்றும் செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

என் மகன் இன்னமும் பாட்டு வகுப்புக்குச் செல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இக்கட்டுரையைக் கணினியில் அச்சுக்கோத்துத் தந்தவன் அவனே. காமாவைப் பற்றிய பகுதியில் நான் செய்திருந்த இரண்டு பிழைகளைத் திருத்தினான். தாளக் கணக்குப் பகுதிக்கு வந்தபோது, ஐந்தும் ஏழும் 35-இல்தான் சந்திக்குமா என்று மேசைமீது விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் தட்டினான்.